வலிக்கும் தோளுக்கு வழக்கு உண்டா?

இதைப் படிக்கும் நீங்கள் ஒரு நிமிடம் இதழைக் கீழே வைத்துவிட்டு, வலக்கையைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்கித் தலைக்கு மேல் கொண்டு செல்லுங்கள். வலியில்லாமல் சென்றதா? மகிழ்ச்சி. 2021-ஆம் ஆண்டில் தொடங்கி ஏறத்தாழ ஏழு மாத காலம் இந்த எளிய செயல் என்னால் முடியாததாக இருந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் நான். அவ்வாண்டு நடந்த கொரோனாத் தடுப்பூசி முகாம் ஒன்றில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டேன். சட்டைக்கை இறுக்கமாக இருந்ததால் மேலே சுருட்ட முடியவில்லை. கழுத்துப் பக்கமாகச் சட்டையை விலக்கித் தோளைக் காட்டினேன். நான் தாழ்ந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஊசி போட்டவர் நின்றுகொண்டிருந்தார். ஊசி தோளின் உச்சியை ஒட்டி இறங்கியது. அன்றிரவே வலி தொடங்கியது. வழக்கமான ஊசி வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். இது போகவில்லை. கரும்பலகையின் மேல்வரியில் எழுதுவதற்கு இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இதைக் கவனித்த மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள சிற்றூர்க்காரர். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எங்கம்மாவுக்கும் இதே மாதிரிதாங்க சார். ஊசி போட்டதிலேர்ந்து கையத் தூக்க முடியல. மரவள்ளிக் கெழங்கு புடுங்கப் போயி நாலு மாசம் ஆச்சு. இப்ப தங்கச்சிக்கு ஸ்கூல்ல ஊசி போடறாங்க. வேணவே வேணாங்கறாங்க அம்மா. இதுக்குக் கேஸ் போட்டா ஏதாவது கெடைக்குங்களா சார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்றேன். தேடிப் பார்த்தபோது, அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருப்பது தெரிந்தது. அதையே இங்கு உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தோளுக்குள் நடப்பது என்ன?

முதலில் தோளின் அமைப்பைப் பார்ப்போம். தோளின் உச்சியைத் தடவிப் பார்த்தால் ஓர் எலும்பு நுனி கையில் தட்டுப்படும். அதற்குக் கீழே தோளைப் போர்த்தியிருக்கும் முக்கோண வடிவத் தசைக்கு டெல்டாய்டு என்று பெயர். கைத் தடுப்பூசிகள் இந்தத் தசையில்தான் போடப்படுகின்றன. தசைக்கும் அதன் அடியில் உள்ள தசைநாண்களுக்கும் இடையில் வழுவழுப்பான திரவம் கொண்ட மெல்லிய பை ஒன்று இருக்கிறது. இயந்திரத்தில் மசகு எண்ணெய் செய்யும் வேலையை அது செய்கிறது. கையைத் தூக்கும்போது உராய்வு ஏற்படாமல் காக்கிறது.

இந்தப் பை எலும்பு நுனியோடு நின்றுவிடுவதில்லை. நுனியிலிருந்து 3 முதல் 6 சென்டிமீட்டர் வரை கீழே இறங்கியிருக்கும். தோலின் மேற்பரப்பிலிருந்து அதன் ஆழம் ஏறத்தாழ 8 முதல் 16 மில்லிமீட்டர். நம் நாட்டில் தடுப்பூசிக்குப் பயன்படும் ஊசியின் நீளமோ 25 மில்லிமீட்டர். கணக்கு எளிது. எலும்பு நுனியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசையின் நடுப்பகுதியில் குத்தினால் மருந்து தசையில் சேரும். உச்சியை ஒட்டிக் குத்தினால் ஊசி முனை அந்தப் பையையோ தசைநாணையோ அடைந்துவிடக்கூடும். நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதற்கென்றே செய்யப்பட்ட மருந்து, வரக்கூடாத இடத்தில் அதே தூண்டுதலைச் செய்கிறது. பை வீங்குகிறது, அழற்சி நீடிக்கிறது, தோள் இறுகிப் போகிறது.

இத்தகைய இரு நோயாளிகளைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2007-இல் ஒரு மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். 2010-இல் 13 பேரைப் பற்றிய இன்னொரு கட்டுரை வந்தது. 'தடுப்பூசி செலுத்தியதால் நேர்ந்த தோள் காயம்' என்ற பெயர் அதன் பின்னரே நிலைத்தது. இது அரிதாக நேர்வது. ஊசிக்குப் பின் தோள் வலிக்கும் எல்லாருக்கும் இக்காயம் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

காயத்தின் காரணம் இப்போது தெரிந்துவிட்டது. அதற்கு யார் பொறுப்பு என்பதே அடுத்த கேள்வி. அதற்கு நாம் 1902-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

மல்கோவாலில் பத்தொன்பது பேர்

அப்போது பிளேக் நோய் இந்தியாவை உலுக்கிக்கொண்டிருந்தது. ருஷ்யப் பேரரசில் பிறந்த வால்டெமார் ஹாஃப்கின் என்ற அறிஞர், 1897-இல் பம்பாயில் பிளேக்கிற்குத் தடுப்பூசி கண்டு, முதலில் தம் உடம்பிலேயே செலுத்திப் பார்த்தவர். அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து அந்த மருந்து நாடெங்கும் சென்றது.

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபில் மல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் 19 பேருக்கு ஒரே புட்டியிலிருந்து மருந்து எடுக்கப்பட்டது. அந்த 19 பேரும் டெட்டனஸ் என்னும் இரண ஜன்னி கண்டு இறந்தார்கள்.

அரசு விசாரணைக் குழு அமைத்தது. பம்பாய் ஆய்வுக்கூடத்திலேயே மருந்தில் கிருமி கலந்துவிட்டது என்று குழு முடிவு செய்தது. ஹாஃப்கின் பதவி இழந்தார். ஆனால் கிராமத்தில் அந்தப் புட்டியைத் திறக்கும்போது உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்ததும், அதைச் சரிவரச் சுத்தம் செய்யாமல் மீண்டும் பயன்படுத்தியதும் பின்னர் தெரியவந்தன. மலேரியாவின் வழியைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிவியலார் 1907-இல் லண்டன் 'டைம்ஸ்' இதழில் ஹாஃப்கினுக்காக வாதாடினார்கள். அவ்வாண்டின் இறுதியில் அவர்மீதிருந்த பழி நீங்கியது. 1925-இல் பம்பாய் ஆய்வுக்கூடத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

இந்த வரலாற்றைப் பல நூல்கள் கூறுகின்றன. அவை பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: தவறு பம்பாயிலா, மல்கோவாலிலா? ஹாஃப்கினுக்கு நீதி கிடைத்ததா? இறந்துபோன 19 பேரின் வீட்டில் அடுத்த நாள் அடுப்பெரிந்ததா என்ற கேள்வியை அவற்றில் காண்பது அரிது. தவறு எந்த ஊரில் நடந்திருந்தாலும் அந்தக் குடும்பங்களின் இழப்பு ஒன்றுதானே?

தவறில்லை, ஆனாலும் பொறுப்பு உண்டு

இந்த எண்ணம் சட்டத்திற்குள் நுழைய அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953-இல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. பெரியம்மை ஊசி அங்கு கட்டாயமாக இருந்தது. அந்த ஊசியால் கெடுதல் நேர்ந்த ஒருவருக்கு அரசு நஷ்டஈடு தரவேண்டும் என்றது நீதிமன்றம். ஊசி போட்டவர் தவறு செய்தாரா என்பது அங்கே பொருட்டாகவில்லை. எல்லாருடைய நலனுக்காகவும் ஒருவர் தம் உடலில் ஓர் இழப்பை ஏற்கிறார். அந்தச் சுமையை எல்லாரும் பகிர்ந்துகொள்வதே முறை என்பது அதன் அடிப்படை. 1961-இல் இது அந்நாட்டில் சட்டமாயிற்று. பிரிட்டன் 1979-இல் தனிச்சட்டம் செய்தது.

அமெரிக்காவில் இது வேறு வழியில் வந்தது. 1955-இல் ஜோனஸ் சால்க்கின் போலியோத் தடுப்பு மருந்து மக்களுக்குக் கிடைத்தது. ஃபார்மால்டிஹைடு கொண்டு வைரஸைக் கொல்வது அதன் முறை. நேரம் ஆக ஆக உயிருள்ள வைரஸ்களின் எண்ணிக்கை சீரான வீதத்தில் குறையும். வரைபடத்தில் அது நேர்கோடாக அமையும் என்று கருதினார்கள். நம் கதிரியக்கச் சிதைவு வரைபடம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கட்டியாகத் திரண்ட வைரஸ்களின் உட்புறத்தை ரசாயனம் எளிதில் எட்டுவதில்லை. கோடு வளைந்தது. கட்டர் என்னும் நிறுவனத்தின் மருந்துகள் சிலவற்றில் உயிருள்ள வைரஸ் தங்கிவிட்டது. பலருக்கு வாதம் வந்தது. பத்துப் பேர் இறந்தனர்.

வாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1958-இல் நடுவர் குழு வியப்பான முடிவைச் சொன்னது. நிறுவனம் கவனக்குறைவாக நடக்கவில்லை. அன்றைய அறிவியல் அறிந்த அளவுக்குச் சரியாகவே செய்தது. ஆயினும் பாதுகாப்பானது என்று விற்ற பொருள் தீங்கு செய்ததால், நஷ்டஈடு தரவேண்டும்.

பாதிக்கப்பட்டவருக்கு நல்ல தீர்ப்புதான். ஆனால் அதற்கு மறுபக்கமும் இருந்தது. வழக்குகள் பெருகின. 1980-களின் தொடக்கத்தில் முத்தடுப்பு ஊசி குறித்து அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்குகளைக் கண்டு மருந்து நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தொழிலை விட்டு விலகத் தொடங்கின. தடுப்பூசியே கிடைக்காமற்போகும் நிலை வந்தது.

முக்கால் டாலருக்கும் குறையாத ஒரு நீதி

1986-இல் அமெரிக்கா இதற்கு ஒரு வழி கண்டது. ஒவ்வொரு தடுப்பூசியிலும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி வசூலித்து ஒரு நிதியில் சேர்க்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் அந்த நிதியிலிருந்து நஷ்டஈடு கேட்கலாம். யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. எந்த ஊசிக்குப் பின் எத்தனை நாளில் எந்தக் கெடுதல் வந்தால் ஊசியே காரணம் என்று கொள்ளலாம் என ஒரு பட்டியல் உண்டு. அதில் பொருந்தினால், காரணம் வேறு என்று காட்டும் பொறுப்பு எதிர்த்தரப்பினுடையது.

2017 மார்ச்சில் தோள் காயமும் அந்தப் பட்டியலில் ஏறியது. நிபந்தனைகள் தெளிவானவை: அந்தத் தோளில் முன்பு வலி இருந்திருக்கக் கூடாது, ஊசி போட்ட 48 மணி நேரத்திற்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், வலியும் அசைவுக் குறைவும் அந்தத் தோளோடு நிற்க வேண்டும், அவற்றிற்கு வேறு நோய் காரணமாக இருக்கக் கூடாது. பாதிப்பு ஆறு மாதத்திற்கு மேல் நீடித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. சில ஆண்டுகளிலேயே அங்கு வரும் மனுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை தோளைப் பற்றியவையாக இருந்தன. கொரோனாத் தடுப்பூசிக்கு மட்டும் இந்த வழி திறக்கவில்லை. அது வேறொரு திட்டத்தின் கீழ் வைக்கப்பட்டது. ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது அதன் கெடு.

2020-இல் ஒரு சிக்கல் எழுந்தது. தோள் காயத்துக்குக் காரணம் மருந்து அன்று, ஊசி போட்ட முறைதான். ஆகவே இதைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை முன்மொழிந்தது. 2021 ஜனவரியில் நீக்கும் ஆணையும் வந்தது. நடைமுறைக்கு வருமுன்பே, ஏப்ரலில் அடுத்த அரசு அதை ரத்துச் செய்தது.

இந்த வாதத்தை நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். மல்கோவாலில் கேட்ட அதே கேள்விதான் இது. தவறு புட்டியிலா, இடுக்கியிலா என்று அன்று கேட்டார்கள். மருந்திலா, ஊசி முனையிலா என்று இன்று கேட்கிறார்கள். ஊசி முறைதான் காரணம் என்றால் பாதிக்கப்பட்டவர் ஊசி போட்ட செவிலியர்மீது வழக்குத் தொடுக்க வேண்டும். அவருடைய கவனக்குறைவை நிரூபிக்கவும் வேண்டும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோருக்குக் கைசளைக்காமல் ஊசி போட்ட ஒருவரைக் கூண்டில் ஏற்றுவதுதான் நாம் விரும்பும் நீதியா?

நம் நாட்டில் என்ன வழி?

தவறு கேளாமல் நஷ்டஈடு தருவது நமக்குப் புதியதன்று. பேருந்து மோதி இறந்தவரின் குடும்பம், ஓட்டுநரின் தவறை நிரூபிக்காமலேயே ஒரு குறிப்பிட்ட தொகை பெறலாம் என்று 1982-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. அப்போது அத்தொகை 15,000 ரூபாய். புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது பங்கேற்பவர்களுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் நஷ்டஈடும் தரவேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. 2020-இல் கொரோனாத் தடுப்பூசிச் சோதனையில் பங்கேற்ற சென்னைக்காரர் ஒருவர், தமக்கு நரம்புக் கோளாறு நேர்ந்ததாகக் கூறி 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். தயாரித்த சீரம் நிறுவனம் தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மறுத்ததோடு, தானே 100 கோடிக்கு மேல் நஷ்டஈடு கோரப்போவதாகவும் அறிவித்தது. விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது.

சோதனைக்கு விதி இருக்கிறது. சோதனை முடிந்து முகாமில் ஊசி போட்டுக்கொண்ட நமக்கு? 2021-இல் முகாம்கள் தொடங்கியபோது அதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. மிஞ்சியவை இரண்டு வாசல்கள். ஒன்று நுகர்வோர் ஆணையம். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்திற்குள் வரும் என்று 1995-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் எல்லாருக்கும் இலவசமாகவே சேவை செய்யும் இடங்கள் அதில் அடங்கா என்றும் அத்தீர்ப்புக் கூறியது. ஆகவே தனியார் மருத்துவமனையில் பணம் கட்டி ஊசி போட்டவர் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அரசு முகாமில் இலவசமாகப் போட்டுக்கொண்ட மலைவாழ் பெண்ணுக்கு அந்த வாசல் மூடியிருக்கிறது.

மற்றொரு வாசல் சிவில் நீதிமன்றம். அங்கே கவனக்குறைவை அவரே நிரூபிக்க வேண்டும். தடுப்பூசிக்குப் பின் இறந்தவர்களின் பெற்றோர் தொடுத்த வழக்கில் 2022 நவம்பரில் ஒன்றிய அரசு உச்சநீதிமன்றத்தில் அளித்த பிரமாணப் பத்திரமும் இந்த வாசலைத்தான் காட்டியது. ஊசி யார்மீதும் கட்டாயப்படுத்தப்படவில்லை, ஆகவே அரசை நேரடியாகப் பொறுப்பாக்க முடியாது என்பது அதன் வாதம். சான்றிதழ் இல்லாமல் பல இடங்களில் நுழைய முடியாதிருந்த நாட்களை நினைத்துப் பார்த்தால், அந்தச் சொல்லின் எடையை நீங்களே நிறுத்துக்கொள்ளலாம்.

எங்கள் கள்ளக்குறிச்சியிலேயே இன்னொரு நிகழ்ச்சி. 2024 ஜூனில் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒவ்வொரு குடும்பத்திற்கும் 10 லட்ச ரூபாய் என மாநில அரசு அறிவித்தது. குடித்தவருக்குப் பணமா என்று சிலர் கேட்டார்கள். அனாதையான பிள்ளைகளைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். எனினும் அது கருணைத் தொகை. அரசு மனமிரங்கினால் வரும், இல்லையேல் வராது. எல்லாரையும் காக்கும் ஒரு நற்செயலில் பங்கேற்று அடிபட்டவர் பெறவேண்டியது கருணையாக இருக்கக் கூடாது. உரிமையாக இருக்க வேண்டும்.

மலைக்குச் சென்ற பதில்

கல்வராயன் மலை மக்களுக்குச் சட்டத்தின் வாசல் எப்போதும் தொலைவாகவே இருந்திருக்கிறது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் அந்த மலை ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து அரசின் நேரடி நிர்வாகத்திற்கு வந்தது. அங்கிருந்து வந்த மாணவரிடம் "கேஸ் போடு, பணம் வரும்" என்று நான் சொல்லவில்லை. "போடாதே" என்றும் சொல்லவில்லை. சில செய்திகளை மட்டும் சொன்னேன். அவை உங்களுக்கும் பயன்படும்.

முதலாவது, மருத்துவரிடம் சென்று, வலி எந்த நாளில் எந்த நேரம் தொடங்கியது என்பதைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். காயத்தை ஊசியோடு இணைக்கும் முதல் சாட்சி நேரமே. இரண்டாவது, ஊசி போட்ட சான்றிதழோடு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பாதிப்பைப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். தடுப்பூசிக்குப் பின் நேரும் கோளாறுகளை ஆராய மாவட்டக் குழுக்கள் உண்டு. 'ஊசி போடும் முறையில் நேர்ந்த பிழை' என்பதும் அவர்கள் பயன்படுத்தும் வகைப்பாடுகளில் ஒன்று. மூன்றாவது, 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. அந்தத் தாய் இரு வகையிலும் அதற்கு உரியவர்.

நான்காவதாக, அவருடைய தங்கையைப் பற்றிச் சொன்னேன். பள்ளியில் போடுவது இரண ஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டையும் தடுக்கும் ஊசி. மல்கோவாலில் 19 பேரைக் கொன்ற அதே இரண ஜன்னி! மண்ணிலேயே கிருமி வாழும் அந்த நோய், மண்வெட்டி பிடிக்கும் மலைக் குடும்பத்திற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தளர்ந்த சட்டைக்கை அணியட்டும். கழுத்துப் பக்கம் விலக்காமல் கீழிருந்து மேலே சுருட்டட்டும். ஊசி போடுபவரும் அதே உயரத்தில் உட்கார்ந்து போடும்படி கேட்டுக்கொள்ளட்டும். இவ்வளவு போதும் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் வந்தார். தங்கை ஊசி போட்டுக்கொண்டாளாம். தாய் பள்ளிக்குக் கூடவே போய், "இங்க வேணாம், கொஞ்சம் கீழ எறக்கிப் போடுங்க" என்று விரலால் இடத்தைக் காட்டினாராம். அவர் கை இன்னும் முழுமையாகத் தேறவில்லை. பாதிப்புப் பதிவாகியிருக்கிறது. வழக்குப் போடுவதா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

என் தோள் சரியாகிவிட்டது. இன்று கரும்பலகையின் மேல்வரியில் எழுத முடிகிறது. கல்லூரியில் மாதச் சம்பளம் வாங்கும் எனக்கு அந்த ஏழு மாதம் வெறும் வலி. நாள்கூலியால் வாழும் தாய்க்கு அது சோறு. நாளை உங்களில் சிலர் மருத்துவராகலாம், செவிலியராகலாம், வழக்கறிஞராகலாம், சட்டமன்றத்திலும் அமரலாம். அப்போது ஒரு கை தூக்க முடியாத ஒருவர் உங்கள்முன் வந்து நின்றால், "யார் தவறு?" என்று தொடங்காமல், "உங்களுக்கு என்ன இழப்பு?" என்று தொடங்குங்கள்.